ஞாயிற்றுக்கிழமைக்காரி

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் நான் வேலை பார்த்த கடைக்குள் குடையை மடக்காமல் நுழைந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். வாசலில் நின்ற சீக்கியக் காவலாளி முதல் நாள் தடுத்துப் பார்த்தார். "உள்ள எரியுற லைட்டு வெளிய அடிக்கிற வெயிலை விட மோசமா இருக்கு ஐயா," என்று அவருக்குப் புரியாத தமிழில் சொல்லிவிட்டு, விரித்த குடையோடு நேராக உள்ளே வந்தார். டியூப் லைட் வந்த புதிது. முதலாளி கடை முழுக்க அதை மாட்டிப் பகலை இன்னொரு பகலால் மறைத்து வைத்திருந்தார்.

பக்கத்துச் சந்தில் இருந்த சின்னத் தமிழ்ச் சபையில் அவர் பைபிள் அம்மா. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டுவது, பெண்களைக் கூட்டி ஜெபம் செய்வது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது, இவைதான் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது. பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது. எங்களை 'ஏட்டி' என்பார். முதலாளியைத் 'தம்பி' என்பார். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

மலேசியாவோடு சேரலாமா வேண்டாமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். கடைப் பெண்களான எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, பைபிள் அம்மா இன்றைக்கு யாருடைய மேசைக்கு வருவார் என்பதுதான். ஏனென்றால் அவர் வந்து நின்ற மேசையில் வியாபாரம் நடக்காது.

ஒன்றும் செய்யமாட்டார். ஏதாவது ஒரு சாமானைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எதுக்குட்டி?" என்று கேட்பார். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பார். அவித்த முட்டையைச் சமமாக வெட்டும் கம்பிக் கருவியை அவருக்கு விளக்கப் போய் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"கத்தி என்ன பாவம் செஞ்சுச்சு?"

"இதுல வெட்டினா எல்லாத் துண்டும் ஒரே அளவா வரும்மா."

"வந்தா?"

பக்கத்தில் அதே கருவியை வாங்கக் காத்திருந்த ஒரு கிளார்க்கின் மனைவி மெதுவாக அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். என் கமிஷனும் அவர் பின்னாலேயே போனது.

முகப்பவுடர் மேசையில் ஒரு நாள் பெரிய ரகளை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு தாய் தன் மகளுக்கு வெளுக்கும் கிரீம் வாங்க வந்திருந்தாள். ஜமீலா அக்காதான் அந்த மேசை. கடையநல்லூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எதையும் விற்றுவிடுவாள். "ரெண்டு வாரத்துல பாருங்க, சந்திரன் மாதிரி ஆயிடும் லா," என்று சிங்கப்பூர் 'லா' சேர்த்து அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது குடை வந்து நின்றது.

"இது எதுக்கு?"

"கலர் வரதுக்கும்மா."

"இருக்குற கலர் எங்க போவும்?"

ஜமீலா அக்கா டப்பாவைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள். பைபிள் அம்மா அந்தத் தாயிடம் திரும்பினார். "நீங்க கறுப்பு. உங்க வீட்டுக்காரரு?"

"அவரும் கறுப்புதான்."

"உங்களைக் கட்டிக்கிட்டாரா இல்லியா? நான் கும்பிடுற ஆளும் வெயில்ல நடந்து நடந்து கருத்தவருதான். படத்துல வெள்ளையாப் போட்டது இந்தக் கிரீம் விக்கிறவன் வேலையா இருக்கும்."

மகள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். தாய்க்குக் கோபம். கிரீம் விற்கவில்லை. ஜமீலா அக்கா அன்று முழுக்க அந்த அம்மாவைக் கடையநல்லூர்த் தமிழில் ஏசிக்கொண்டிருந்தாள்.

இப்படிச் சொன்னால் ஆசாபாசம் இல்லாத ஆத்மா என்று நினைத்துக்கொள்வீர்கள். அதுதான் இல்லை. செருப்பு மேசையில் ஜப்பானிலிருந்து வந்த சிவப்புக் குதிகால் செருப்பு ஒன்று இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய அந்த அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் தினமும் போவார். ஒரு நாள் சுற்றிலும் பார்த்துவிட்டு, குடையை என்னிடம் கொடுத்து, காலை நுழைத்தார். நாலு எட்டு வைத்தார். கண்ணாடியில் கால் தெரிகிற மாதிரி சேலையைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு கழற்றித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

"சரியான அளவுட்டி," என்றார். "அதான் ஆபத்து."

"பிடிச்சிருந்தா வாங்கிக்கங்களேன்மா."

"ஆசை இல்லாதவ எதுக்குடி இந்தக் கடையோட சண்டை போடணும்? அவ பேசாம வீட்ல கிடப்பா. எனக்குப் புத்தி இங்கயேதான் கிடக்கு. ஜெபத்துல முழங்கால் போட்டாக்கூடக் கண்ணுக்குள்ள இந்தச் சிவப்புதான் வருது. சாமியை மறைக்குற அளவுக்கு ஒரு செருப்பா? அந்தக் கோவம்தான் எனக்கு."

முதலாளியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவரும் அதே சபைதான், அங்கே மூப்பர். முன்வரிசையில் உட்கார்ந்து கட்டைக் குரலில் பாடுகிறவர். துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டங்களில் விற்று மேலே வந்த மனிதர். ஜமீலா அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றியபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். சபையில் சுழன்ற மின்விசிறிகள் எல்லாம் அவர் மாட்டியவை. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது.

மேல்மாடியில் மரச்சாமான் பகுதி திறந்தபோது போதகரை ஜெபிக்கக் கூப்பிட்டிருந்தார். போதகருக்கு அன்று காய்ச்சல். பைபிள் அம்மாவை அனுப்பிவிட்டார். அந்த ஜெபத்தை அன்று அங்கே இருந்த ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடினோம். அவர் ஆரம்பித்தார்:

"ஆண்டவரே, இந்தக் கட்டிலும் சோபாவும் அலமாரியும் ரொம்ப அழகா இருக்கு. செஞ்ச ஆசாரிமாரை ஆசீர்வதியும். இதையெல்லாம் பாக்க வர்ற ஜனங்களுக்கு, வீட்ல ஏற்கெனவே பாய் இருக்குங்கிறதை ஞாபகப்படுத்தும். துணி வைக்க அலமாரி வாங்கி, அலமாரியை ரொப்பத் துணி வாங்குற கிறுக்கு அவங்களைப் பிடிக்காம காத்தருளும். எங்க தம்பியை லாபத்தினால சோதியாதிரும். சோதிச்சே ஆகணும்னா, கொஞ்சமாச் சோதியும். ஆமென்."

பழக்கதோஷத்தில் எல்லாரும் 'ஆமென்' என்றுவிட்டோம். முதலாளியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கண்ணைத் திறந்த பிறகுதான் அவருக்கு விஷயம் இறங்கியது.

அதன் பிறகும் அவர் அந்த அம்மாவைக் கடைக்குள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லாப் பக்கம் உட்கார வைத்துக் கோப்பி வாங்கிக் கொடுத்து வாதாடுவார். எங்களுக்கு அது நாடகம் பார்க்கிற மாதிரி. ஒரு நாள் திராட்சைத் தோட்டத்துக் கதை வந்தது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும், சாயங்காலம் கடைசி நேரத்தில் வந்து கொஞ்சம் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த தோட்டக்காரனின் கதை.

"அம்மா, நான் வேதத்தை மறுத்துப் பேசல," என்றார் முதலாளி. "ஆனா அந்தத் தோட்டக்காரன் அடுத்த மாசமே திவாலாயிருப்பான். மறுநாள் எவன் காலையில வேலைக்கு வருவான்?"

"கடைசியா வந்தவன் ஏன் அதுவரைக்கும் சந்தையில நின்னான்? எவனும் கூப்பிடல, அதான் நின்னான். அவன் வீட்லயும் அடுப்பு இருக்குல்ல தம்பி?"

"நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுக்கல. பிடிச்சா வாங்குறான், பிடிக்கலன்னா போறான். இந்தப் பொண்ணுங்களும் அப்படித்தான். இங்க பிடிக்கலன்னா வேற கடைக்குப் போகலாம். சந்தையில யாருக்கும் கட்டாயம் இல்லம்மா. அதுதான் சுதந்திரம்."

பைபிள் அம்மா கோப்பியைக் கீழே வைத்தார். "போறதுக்கு வேற கடை இருக்கு, சரி. கூட்டிட்டுப் போறதுக்கு இதுகளுக்கு வேற வயிறு இருக்கா?"

முதலாளி சிரித்தார். அவருக்கு அந்த அம்மாவோடு பேசுவது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். பேச்சாக இருந்தவரை.

தீபாவளிக்கு முன்னால் அறிவிப்பு ஒட்டினார்: இனி ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. சட்டப்படி எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அதை அவர் பறிக்கவில்லை. பிரித்துக் கொடுத்தார். எனக்குச் செவ்வாய், ஜமீலா அக்காவுக்கு வியாழன், இன்னொருத்திக்குப் புதன்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் என் அப்பாவுக்கு ஊரின் வடகோடியில், செம்பவாங்கில், கடற்படையின் நேவல் பேஸ் பட்டறையில் வேலை. அவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. என் அம்மா இறந்த பிறகு அங்கே தனியாக இருந்தார். நான் எருமைச் சாலையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிறு காலையில் பஸ் ஏறிப் போய், அவருக்குச் சமைத்துப் போட்டு, அவர் சொல்லும் பழைய கதைகளைக் கேட்டுவிட்டு வருவேன். செவ்வாய்க்கிழமை போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கமுடியும். ஜமீலா அக்காவின் பிள்ளைகளுக்கும் ஞாயிறுதான் பள்ளி விடுமுறை. "வியாழக்கிழமை லீவுல நான் யார் மூஞ்சியப் பாக்குறது, சுவத்தையா?" என்று அறிவிப்பின் முன்னால் நின்று கேட்டாள்.

முதலாளியிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. பைபிள் அம்மா கேட்டார்.

"ஓய்வு தரலைன்னு யாரும்மா சொன்னா? ஏழுல ஒண்ணு குடுத்திருக்கேன். எந்த நாளா இருந்தா என்ன?"

"ஒருத்திக்கு செவ்வா, ஒருத்திக்கு வியாழன்னு துண்டு போட்டா, இதுகளும் இதுக வீட்டு ஆளுகளும் ஒண்ணா உக்காந்து சோறு தின்னுறது எப்ப? நாலாவது கட்டளையில வேலைக்காரியும் இருக்கா, மாடும் இருக்கு, வேத்து ஜாதிக்காரனும் இருக்கான். அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா ஓயணும். அதான் கட்டளை. நீங்க மட்டும் முன்வரிசையில உக்காந்து பாடிட்டு வருவீங்க, மாடு மாதிரி இதுக நிக்கணுமோ?"

"ஞாயிறு எங்க கடை மூடினா ஜனங்க பக்கத்துக் கடைக்குப் போவாங்கம்மா. நான் ஒருத்தன் மட்டும் என்ன செய்ய?"

"சரி தம்பி," என்று எழுந்துவிட்டார். சரி என்று சொல்லிப் போகிறவர் இல்லையே என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதல் ஞாயிறு. நான் மேல்மாடியில் சோபாக்களுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். படியில் கஞ்சிராச் சத்தம். முதலில் குடை, அதன் பின்னால் சபையின் பெண்கள் கூட்டம். பெரும்பாலும் வயதானவர்கள், வெள்ளைச் சேலைக்காரிகள். முதலாளி அந்த நேரம் சபையில் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பிள்ளைக கோயிலுக்கு வர முடியாதாம். அதனால கோயில் இங்க வந்திருக்கு," என்று அறிவித்துவிட்டு, அந்த அம்மா நடுவில் இருந்த பெரிய சோபாவில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மரப்பெஞ்சிலேயே காலம் தள்ளிய கிழவிகளுக்கு ஸ்பிரிங் சோபா என்றால் சும்மாவா? ஒருத்தி உட்கார்ந்தபடியே குதித்துக் குதித்துப் பார்த்தாள். இன்னொருத்தி, முழங்கால் வலி என்று சொல்லி, காட்சிக்கு வைத்திருந்த இரட்டைக் கட்டிலில் படுத்தவள் முதல் பாட்டிலேயே தூங்கிப்போனாள்.

பாட்டு தெருவுக்குக் கேட்டது. கட்டில் பார்க்க வந்த ஒரு சீனத் தம்பதி, ஏதோ விளம்பர நிகழ்ச்சி என்று நினைத்து உட்கார்ந்து, முடிகிற ஒவ்வொரு பாட்டுக்கும் கை தட்டினார்கள். கீழே நின்ற எல்லாப் பெண்களும் மேலே வந்துவிட்டோம். சீக்கியக் காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியோரம் கைகட்டி நின்றார்.

ஆராதனை முடிந்து, பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்ததன் காரணம் தெரியாமல் முதலாளி கடைக்கு வந்தார். படியேறி வந்தவர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். அவரைப் பார்த்த நொடியிலேயே பைபிள் அம்மா கண்ணை மூடி, "ஜெபிப்போம்," என்றார். ஜெபத்துக்கு நடுவே கத்த அவரால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த அம்மா ஜெபத்தை நீட்டினார்.

அதில் எங்கள் ஒவ்வொருவர் பெயரும் வந்தது. ஜமீலா அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். "நேவல் பேஸ்ல ஒரு தகப்பன் இன்னைக்குக் கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் ஆண்டவரே, அவன் பொண்ணு இங்க தூசி தட்டிக்கிட்டு இருக்கா," என்றார். நான் அம்மன் கோவிலுக்குப் போகிறவள். என் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் புகார் கொடுத்தவர் அதற்கு முன்னால் யாரும் இல்லை. தூசுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டேன். கடைசியில் முதலாளியின் தாய்க்காகவும் ஜெபித்தார். நாகர்கோவிலில் தனியாக இருந்த அந்தத் தாயின் பெயர் வந்தபோது முதலாளி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டதை ஜமீலா அக்கா பார்த்திருக்கிறாள். அவள் மட்டும் கண்ணை மூடவில்லை.

"ஆமென்" வந்ததும் முதலாளி கீழே இறங்கிப் போனார். மதியம் கடையை மூடச் சொன்னார். அறிவிப்பும் கிழிக்கப்பட்டது.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால், அந்த சோபாக்களின் மேல் புது அட்டை: 'ஆராதனை நடந்த சோபா. ஆசீர்வதிக்கப்பட்டது.' நடந்த கதை தெருவெல்லாம் பரவியிருந்தது. பார்க்க வந்த கூட்டத்தில் எல்லா சோபாக்களும் விற்றுப்போயின. கிழவி தூங்கிய கட்டிலை ஒரு புதுமணத் தம்பதி சண்டை போட்டு வாங்கிப்போனார்கள். விற்றது நான்தான். அந்த மாதம் மாதிரி கமிஷன் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சபைக் கமிட்டி கூடியது. ஆராதனை நேரத்தில் சபையைப் பிரித்தது, ஒரு மூப்பரை ஊரறிய அவமானப்படுத்தியது என்று குற்றச்சாட்டு. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்களாம். "கட்டில்ல படுத்த கிழவி சார்பா வேணா மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன், அவ குறட்டை விட்டது தப்புதான்," என்று சொல்லியிருக்கிறார். பாலம் தாண்டி ஜொகூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு அவரை மாற்றினார்கள். அங்கே கடையே கிடையாது என்று போதகர் ஆறுதல் சொன்னாராம். யாருக்கு ஆறுதல் என்று சொல்லவில்லை.

குயின் ஸ்திரீட் பஸ் நிலையத்தில் நானும் ஜமீலா அக்காவும் வழியனுப்பப் போனோம். சோபா விற்ற கதையை அவரிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். முதல்முறையாக அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் போனது. பஸ்ஸின் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபத்தையுமா விப்பான்?" என்றார் மெதுவாக. "எதைக் கொண்டுபோய் எதிர்ல வச்சாலும் அதுக்கும் ஒரு விலைச்சீட்டை ஒட்டிருவானா?"

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எவ்வளவுக்குட்டி போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவுக்கா!" என்றவருக்கு ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அதை உணர்ந்து அவரே தலையில் அடித்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு அறிவிப்பு மறுபடியும் ஏறியது. இந்தமுறை கஞ்சிரா தூக்கி வர ஆள் இல்லை. நாங்கள் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. சனிக்கிழமை மாலை கடையைப் பூட்டும்போது ஜமீலா அக்கா மட்டும், "நாளைக்கு நான் வரல லா," என்றாள். நானும் வரவில்லை என்றேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை முதலாளி வாசலிலேயே நின்றார். யார் தூண்டிவிட்டது என்று கேட்டார். "யாரும் தூண்டல முதலாளி. நேத்து ஞாயித்துக்கிழமை," என்றாள் ஜமீலா அக்கா. ஒரு நாள் சம்பளத்தை வெட்டினார். "அந்தம்மா ஜொகூர்ல இருந்துக்கிட்டே என் கடையைப் பூட்டுறாங்களே," என்று முனகிக்கொண்டே அறிவிப்பையும் தானே கிழித்தார். அதன்பின் நான் கல்யாணமாகி வேலையை விடும்வரை ஞாயிற்றுக்கிழமை அங்கே கதவு திறக்கவில்லை.

நாங்கள் கடைக்குப் போகாத அந்த ஞாயிறு நானும் ஜமீலா அக்காவும் ஜொகூருக்குப் போனோம். அப்பாவிடம் முந்தின நாளே தகவல் சொல்லி அனுப்பிவிட்டேன். தேக்கா சந்தையில் மட்டன் பிரியாணிப் பொட்டலங்கள் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, செம்மண் பாதையில் நடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. தோட்டக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. கதவு திறந்தே கிடந்தது. அந்த அம்மா பாயில் மல்லாந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிடப் போனேன். பக்கத்து வீட்டில், ரப்பர்ப் பால் வெட்டும் பெண் ஒருத்தி ஓடிவந்து தடுத்தாள். "எழுப்பிராதீங்க! ஞாயித்துக்கிழமை மத்தியானம் எழுப்பினா மேனேஜர் துரையைக்கூட விரட்டிருவாங்க."

காத்திருந்தோம். ஈரக்காற்று அடித்தது. கூவுகிற வியாபாரி இல்லை, பாடுகிற ரேடியோ இல்லை. ஜமீலா அக்கா முதலில் சுவரில் சாய்ந்தாள், பிறகு தரையிலேயே படுத்தாள். நானும் அவள் பக்கத்தில் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது பொழுது இறங்கியிருந்தது. பைபிள் அம்மா வாசலில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் பொட்டலங்கள் எல்லாம் பிரிந்து, எலும்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

"எங்களுக்கும் சேத்துத்தான்மா வாங்கிட்டு வந்தோம்," என்றேன்.

"தெரியும்ட்டி," என்றார், சேலையில் கையைத் துடைத்தபடி. "தூங்குறவங்களை எழுப்புறது பாவம்."